அப்பா சொன்ன எறும்புகள்

கட்டெறும்பு ராணி ஒன்று தன் சிறகுகளைத் தானே கழற்றிப் போடுவதை நான் முதன்முதலில் பார்த்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில், எங்கள் மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டு வளைவில். சித்திரை வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்து ஓய்ந்திருந்த மாலை அது. வேலை முடிந்து, நனைந்த குடையை உதறிக்கொண்டு ஏறி வந்தவள், சுவரில் இருந்த பல்புக்குக் கீழே நின்றுவிட்டேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, ஈரச் சுவரில் அது தனியாக நின்றது. பின்னங்கால்களால் ஒரு சிறகை அழுத்தி அழுத்தித் தள்ளியது. அது விழுந்ததும் சற்று ஓய்வெடுத்தது. பிறகு அடுத்தது. விழுந்த சிறகுகள் சுவர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மினுங்கின. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு இறங்கும் ஒருத்தியைப்போல, அது திரும்பிப் பாராமல் நடக்கத் தொடங்கியது.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள். விளிம்பு சிதறியதால் கழித்துவிடும் புதிய கண்ணாடிக் குழாய்களை மணிபிளான்ட் வைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவருவேன். அன்றும் கைப்பையில் இரண்டு இருந்தன. ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். ராணி யோசிக்கவே இல்லை, உள்ளே நடந்து போனது. ஏன் அதைப் பிடித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அம்மா இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அப்பாவும் நானும். உயிரோடு எதுவாவது வீட்டுக்குள் வந்தால் நல்லது என்று தோன்றியிருக்கலாம்.

அப்பா கதைக்காத மனிதர். கோபமோ பாரமோ இல்லை, அவருக்குக் கதைத்துப் பழக்கமில்லை. கோட்டைப் பகுதியில் ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக லிஃப்ட் இயக்கியவர். இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு, உயரமான மர ஸ்டூல், பித்தளைக் கைப்பிடி. ஏறுகிறவர்களிடம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாடி எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். லிஃப்டுக்குள் சனங்கள் கதைத்துக்கொள்வதைக் கேட்காத முகத்தோடு நிற்பது அந்த வேலையில் பாதி. ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகம் அவரிடம் அப்படியே இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தவர். ஆனால் அந்தக் கதைகூட எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். வீட்டில் எங்களுக்குள் நடந்த பேச்சை ஒரு கையில் எண்ணிவிடலாம். சாப்பிட்டியா? ஆமா. தேத்தண்ணி போடவா? போடு.

குழாயைப் பார்த்ததும் அப்பா அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். "கொட்டிரு பாப்பா. எறும்பு வரக்கூடாதுன்னு நான் சீனி டின்னைச் சுத்திச் சோக்குக் கோடு போட்டு வச்சிருக்கேன். நீ என்னடான்னா கையில புடிச்சுக்கிட்டு வாற."

நான் கொட்டவில்லை. குழாயின் அடியில் தண்ணீர் விட்டு, அதைப் பஞ்சால் அடைத்து, ராணியை நடுவில் விட்டு, வாயிலும் பஞ்சு வைத்தேன். இணையத்தில் இப்படி எறும்பு வளர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். இருட்டில் வை, ஆட்டாதே, திறந்து திறந்து பார்க்காதே, சாப்பாடு கொடுக்காதே என்றார்கள் அவர்கள். ராணி சிறகை அசைத்த தசை இனி அதற்குத் தேவையில்லை. அதைக் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளுக்கு ஊட்டும். அலுமாரியில் அம்மாவின் சேலைகள் இருந்த தட்டில், ஒரு கைக்குட்டையால் மூடி வைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். முதலில் ரவைத் துகள்போல ஏழெட்டு முட்டைகள். பிறகு வளைந்து கிடக்கும் புழுக்கள். பிறகு பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள், நெல்மணிகளைப்போல. ராணி அவற்றை விட்டு நகரவே இல்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையை எடுத்தபோது, தேத்தண்ணீர் நிறத்தில், இன்னும் கறுக்காத மூன்று குட்டி எறும்புகள் ராணியின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தன.

"அப்பா, வந்து பாருங்க" என்று கத்தினேன்.

அப்பா வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. பதிலுக்கும் அவர் நிற்கவில்லை. ஆனால் மறுநாள் நான் வேலையால் வந்தபோது, குழாய்க்குள் ஊசி முனையளவு சீனிப்பாகு வைக்கப்பட்டிருந்தது.

மாரிகாலம் முடியும்போது குழாய் போதவில்லை. மூடியுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி, அடியில் பாரிஸ் சாந்து ஊற்றி, காய்வதற்குள் கரண்டிக் காம்பால் அறைகளும் வழிகளும் தோண்டினேன். ஒரு மூலையில் தண்ணீர் ஊறுவதற்கு ஒரு குழாய். எறும்புக்குச் சிவப்பு தெரியாதாம், அதனால் அறைகளுக்கு மேல் சிவப்புக் கண்ணாடித் தாள். ஏறி வெளியே வராதபடி விளிம்பில் முகப் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினேன். அறைகளைப் பார்த்துவிட்டு அப்பா, "நாலு மாடி. லிஃப்ட் இல்ல" என்றார். அவர் பகிடி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த மாசி மாதம் எனக்குக் கத்தாரில் ஒரு வைத்தியசாலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். போகாதே என்று அப்பா சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெட்டி கட்டும்போது கயிறு பிடித்துத் தந்தார். எறும்புப் பெட்டியில் அப்போது அறுபது எறும்புகள் அளவில் இருந்தன. தண்ணீர் எப்போது, சீனிப்பாகு எவ்வளவு, அவித்த முட்டை மஞ்சள் எந்த நாள் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைசி வரியில், 'தண்ணீர் மட்டும் காயவே கூடாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அப்பா அதை ஒருமுறை சத்தமாக வாசித்தார்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். முதல் இரண்டு வாரமும் சாப்பிட்டாயா, வெயிலா, சரி வைக்கவா என்பதோடு முடிந்தது. மூன்றாம் வாரம், அவர் வைத்துவிடப் போகிறார் என்ற பயத்தில், "எறும்பெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி வச்சேன். பாகு வச்சேன். கரப்பான் கால் ஒண்ணு கெடைச்சிச்சு, அதையும் போட்டேன். ஏழெட்டு பேர் சேந்து இழுத்துக்கிட்டுப் போனாங்க. மூணாம் மாடிக்குக் கொண்டுபோகப் பாத்தாங்க, வாசல்ல சிக்கிக்கிச்சு. திருப்பிப் போட்டு இழுத்தாங்க." அந்த ஒரு அழைப்பில் அப்பா என்னிடம் பேசியது, அதற்கு முந்தைய ஒரு மாதத்துப் பேச்சைவிட அதிகம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் எறும்புகளுக்கு என்று ஆயின.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மறுநாள்தான் கிடைத்தார். குரல் தூரத்தில் இருந்தது. பின்னால் பலர் கதைக்கும் சத்தம், தரையில் இரும்புச் சில்லு உருளும் சத்தம். "மார்க்கட்ல நிக்கிறேன் பாப்பா. எல்லாம் நல்லா இருக்கு. வைக்கிறேன்." அடுத்த வெள்ளியும் அப்படியே, இரண்டு வரி. சலித்துவிட்டார், எறும்பு பார்க்கிற உற்சாகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து எனக்கு மனம் கொஞ்சம் வாடியது. அந்தச் சில்லுச் சத்தத்தை நான் ஒவ்வொரு நாளும் வேலையில் கேட்கிறவள். அன்றைக்கு அது எனக்குச் சந்தைச் சத்தமாகத்தான் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் எறும்புகள் வளரத் தொடங்கின. ஒரு நொண்டி எறும்பு இருந்தது. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் பிந்தி வந்து, யாரும் பார்க்காத மாதிரி வரிசைக்குள் நுழைந்துகொள்ளுமாம். இரண்டு எறும்புகள் மத்தியான நேரத்தில் மட்டும் இரண்டாம் மாடி மூலையில் எதிரெதிரே நின்று மீசையால் தொட்டுத் தொட்டுக் கதைக்குமாம். வேறு யாராவது வந்தால் உடனே ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்விடுமாம். ஒரு முரட்டு எறும்பு முட்டை மஞ்சளை யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை மறந்து நாள் முழுக்கத் தேடியதாம். கோயில் மணி அடிக்கும்போது எல்லாம் ஒரு கணம் அசையாமல் நிற்குமாம். ஒருநாள் ராணியே மேல் மாடி வரை ஏறி வந்து, சிவப்புத் தாளுக்கு வெளியே தலையை நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம். "பெரியவ வந்தப்ப எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க பாப்பா. ஒரு சத்தம் இல்ல."

வெளியே நாற்பது பாகை வெயில். என் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். குளிரூட்டியின் இரைச்சலுக்கு மேலாக அப்பாவின் குரல் அவசரமில்லாமல் நடந்து வரும். அந்த அரை மணி நேரம் நான் அந்தப் பெட்டிக்குள் இருப்பேன். ஈரச் சாந்தின் மணம் வரும். சிவப்பு வெளிச்சத்தில் யார் யாரோ சுமையோடு என்னைத் தாண்டிப் போவார்கள். சில வேளை தூங்கிவிடுவேன். விழிக்கும்போதும் அப்பா கதைத்துக்கொண்டிருப்பார். எறும்புகள் அப்படியெல்லாம் செய்யாதே என்று ஒரு மூலையில் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அப்பா எனக்கு அப்படிக் கிடைத்தார். அதை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

அடுத்த சித்திரையில் ஒருநாள் அவர் சொன்னார்: "இன்னைக்கு நல்ல மழை பாப்பா. மழை விட்டதும் றெக்கை முளைச்சதுங்க எல்லாம் மேல வந்திருச்சுங்க. ஒரு முப்பது இருக்கும். நான் மூடியத் தொறந்து, ஜன்னலையும் தொறந்து விட்டேன். ஒண்ணொண்ணா எழும்பிப் போச்சு. கடைசியில ஒண்ணு மட்டும் என் கையில வந்து குந்திச்சு. ஊதினேன். அதுவும் போயிருச்சு."

அழகாக இருந்தது. கண்ணை மூடியபடி அந்தக் கடைசி எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கண்ணைத் திறந்தேன். கட்டெறும்புக் குடும்பம் ஒன்றில் சிறகுள்ளவை பிறக்க வேண்டுமென்றால் அது பல வருடம் வளர்ந்து, பெருங்கூட்டமாக இருக்க வேண்டும். இரண்டு வயதுப் பெட்டிக் குடும்பத்தில் அது நடக்காது. அப்பா பொய் சொல்கிறார். அப்படியானால் நொண்டி? மத்தியானக் கதை? ராணி? எப்போதிலிருந்து? பெட்டியில் ஒன்றுமே இல்லையோ?

"ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன்பா" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் எங்க வருது" என்றார் அப்பா.

நான் மேலே கேட்கவில்லை. எறும்புகள் செத்திருக்கும், என்னிடம் சொல்ல மனமில்லாமல் மறைக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அன்பு எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நானே, "நொண்டி எப்படிப்பா இருக்கு?" என்று தொடங்கிவைத்தேன். பத்து மாதம் அப்படிப் போனது. அவர் சொன்னார், நான் கேட்டேன். இரண்டு பேருமாக, இல்லாத எறும்புகளுக்குச் சாப்பாடு போட்டோம்.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாத விடுமுறையில் வந்தேன். திரும்பிப் போய் இன்னும் இரண்டு வருடம் செய்வதாகப் பேச்சு. விமான நிலையத்தில் அப்பா என் பெட்டியைத் தூக்கவில்லை, அது எனக்கு விநோதமாக இருந்தது. வீட்டுப் படியேறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்றார். முதல் வளைவில், "இந்தச் சுவருக்குப் புதுசா பெயின்ட் அடிச்சாங்க" என்றார். அடுத்ததில் சட்டைப் பையில் எதையோ தேடினார். மூன்றாவதில் எதுவும் சொல்லாமல், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நான் பெட்டியோடு மேலே நின்று அவர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

மேசையில் எறும்புப் பெட்டி இருந்தது. கழுவித் துடைத்து, காய்ந்து, வெறுமையாக. அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "மத்ததுங்களும் போன மாசம் ஒண்ணொண்ணா கெளம்பிருச்சுங்க பாப்பா. றெக்கைக்காரங்க போன பொறகு இதுங்களுக்கு இங்க இருக்கப் புடிக்கல."

"நல்ல இடமாப் பாத்துப் போயிருக்கும்பா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்த இரவு இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை அப்பா சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கீழே இறங்கினார். நான் பெட்டியை எடுத்து வைப்பதற்காக, என் எறும்புச் சாமான்கள் இருந்த மேசை இழுப்பறையைத் திறந்தேன். என்னுடைய கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் நான் செய்வதைப்போலவே அளவாகப் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே எறும்பு இல்லை, மாத்திரைகள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நாக்குக்கு அடியில் வைக்கும் சின்ன மாத்திரை. எதற்கு எந்த மாத்திரை என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. குழாய்களுக்கு அடியில் ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி ஒன்று. அதற்குள் நான்காக மடித்த இரத்தப் பரிசோதனை அறிக்கை.

இதயத் தசை சிதையும்போது அதிலிருந்து ஒரு புரதம் இரத்தத்தில் கசியும். அதன் அளவைப் பார்த்துத்தான் மாரடைப்பு என்று உறுதி செய்வார்கள். எத்தனையோ பேருடைய அப்படியான அறிக்கைகளை நான் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்போம். அன்றைக்கும் முதலில் எண்ணைத்தான் பார்த்தேன். இவர் பிழைத்தாரா என்று பழக்கத்தில் மனம் கேட்டது. அதற்குப் பிறகே பெயரை வாசித்தேன். திகதி, ஜூலையில் அப்பா தொலைபேசி எடுக்காத அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள்.

அப்பா பாணோடு உள்ளே வந்தபோது நான் இழுப்பறையை மூடவில்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாணை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கீழ்வீட்டு ஆன்ட்டிதான் த்ரீவீல்ல ஏத்திக் கொண்டு போனாங்க" என்றார். "ஒம்பது நாள் வார்டுல வச்சிருந்தாங்க. அவங்கள ஒண்ணும் கேக்காத. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"ஏன்பா?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்திருவ."

"வந்திருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

வார்டிலிருந்து திரும்பிய அன்று, சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டியைத்தான் முதலில் பார்த்தாராம். தண்ணீர்க் குழாய் காய்ந்து, சாந்து வெடித்திருந்ததாம். "எல்லாம் கால மடிச்சுக்கிட்டுக் கெடந்திச்சு பாப்பா. பெரியவளச் சுத்தி மட்டும் ஒரு பத்துப் பேர், அவள மூடின மாதிரி." அவர் கையை விரித்து அந்த வட்டத்தைக் காட்டினார். "ரெண்டு கோடு போட்டு எழுதி வச்சிட்டுப் போனியே. தண்ணி மட்டும் காயக்கூடாதுன்னு."

"எறும்பு செத்திருச்சுன்னாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"எப்புடிச் செத்துச்சுன்னு கேப்பியே. நீ விடாமக் கேக்கிற ஆளு."

அந்த ஒரு வரி என்னை உட்கார வைத்தது. நான் கேட்கவில்லையே. பத்து மாதம் பொய் என்று தெரிந்து, அந்தப் பொய்யின் இனிமையில் படுத்துக் கிடந்தேன். எதை மறைக்க என்று ஒரு தடவை கேட்டிருந்தால், அவரால் என்னிடம் ஒளிக்க முடிந்திருக்காது. "றெக்கைக் கதை சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா கேட்டுக்கிட்டு இருந்த?"

"நல்லா இருந்திச்சு."

அவர் பாண் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். "எனக்கும்தான்" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "அந்த நொண்டி நம்ம ஆபீஸ் நாலாம் மாடிக் கிளாக்கர். மத்தியானத்துல மூலையில கதைச்சது டைப்பிங் மிஸ்ஸும் அக்கவுன்ட்ஸ் தம்பியும். பெரிய தொரை லிஃப்ட்ல ஏறுனா எல்லாரும் அப்புடித்தான் ஒதுங்கி நிப்பாங்க. எறும்பப் பத்தி எனக்கு என்ன தெரியும்? லிஃப்ட்ல பாத்ததத்தான் சொன்னேன்."

முப்பது வருடம் அந்தக் கேட்காத முகத்துக்குப் பின்னால் இருந்தது எல்லாம் அதுதான்.

நான் கத்தாருக்குப் போய், கணக்குத் தீர்த்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்பா அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். படியேற முடியாதவருக்காக வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், தரைத்தளத்தில் சின்ன வீடொன்று பார்த்துக் குடிபோனோம். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். பிரதான சாலையான காலி வீதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது, நடந்து போகும் தூரம்தான். அந்த வருட மழைக்கு, மதில் ஓரத்தில் இன்னொரு ராணியும் கிடைத்தது. இம்முறை அப்பாவே பஞ்சைக் கிள்ளித் தந்தார்.

ஆனால் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியதும் பேச்சு மீண்டும் நின்றுவிட்டது. சாப்பிட்டியா? ஆமா. நேரில் பார்க்கிற மகளிடம் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. பூதக்கண்ணாடியோடு குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு என்னப்பா செய்யுதுங்க?" என்று கேட்பேன். "சும்மா இருக்குதுங்க" என்பார். அது உண்மைதான். உண்மையான எறும்புகள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். எங்களுக்கு அது பழகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் பக்கத்து அறையில் அப்பா இருக்க, நான் அந்தக் குரலுக்காக ஏங்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை, பரிசோதனைக் கூடத்தில் வரிசை நீண்டிருந்த நேரம், என் தொலைபேசி அடித்தது. அப்பா. வாழ்நாளில் அவராக எனக்கு எடுத்ததே இல்லை, நான்தான் எடுப்பேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "என்னப்பா, ராணிக்கு ஏதாவதா?" என்றேன்.

"எறும்பப் பத்தி இல்ல பாப்பா" என்றார். மூச்சு நடுவில் நின்று வந்தது. "என்னப் பத்தித்தான். நெஞ்சு இறுக்குது. கதவத் தொறந்து வச்சிருக்கேன். நீ வா."

காலி வீதியை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. வெள்ளைக் கோட்டோடு ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்திருந்தார், கையில் கிளினிக் கொப்பி தயாராக இருந்தது. த்ரீவீலில் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் மணிக்கட்டை விடவில்லை. அங்கே திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் டொக்டர் அவரிடம் சிங்களத்தில் கேட்டார், எப்போது தொடங்கியது என்று. அப்பா சொல்லத் தொடங்கினார். ஒன்பது இருபதுக்கு. ரயில் போன பிறகு. பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது. முதலில் இடது தோளில், பாரமான பையை மாட்டியது மாதிரி. அங்கிருந்து தாடைக்கு. பிறகு வியர்வை, பின்கழுத்தில் மட்டும். இரண்டு நிமிடம் விட்டது, திரும்ப வந்தது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒன்றைக்கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை, ஒன்றைக்கூட மறைக்கவில்லை. இப்படிச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது என்று டொக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு மூன்று வருடமும் சில மாதங்களும் என்னோடு இருந்தார். அந்தக் காலம் முழுக்க, ஐந்து நிமிட நடை தூரத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் பகல் பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுப்பார். கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். வரிசையை ஒரு பத்து நிமிடம் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். முதலில் தன்னைப் பற்றிச் சொல்வார். பிரஷர் இவ்வளவு, மாத்திரை போட்டாயிற்று, கால் வீக்கம் இல்லை. எல்லாம் உண்மை. எனக்குத் தெரியும், மாலையில் போய்ச் சரிபார்ப்பேன். அது முடிந்ததும் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "எறும்புக் கதை சொல்லவா?" என்பார்.

"உண்மையா, பொய்யாப்பா?"

"உனக்கு எது வேணும்?"

"பொய்யே சொல்லுங்க" என்பேன். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொள்வேன்.